ஹெப்பாரின்: ஷீத் போட்டவுடனா, வயர் பெருந்தமனியை எட்டிய பிறகா?

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்யும்போது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை எப்போது கொடுப்பது? பெங்களூரில் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் கூடம்) செவிலியாக நான் வேலை பார்க்கும் இடத்திலேயே இதில் இரண்டு கட்சிகள் உண்டு. தமனிக்குள் வழி அமைக்கும் சிறு குழாயான ஷீத் உள்ளே போனதும் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. அதன் வழியே ஏற்றும் வழிகாட்டிக் கம்பியான வயர் தோளைத் தாண்டிப் பெருந்தமனிக்குள் இறங்கட்டும் என்பது இன்னொன்று.

உடனே கொடுப்பவர்களுக்கு மணிக்கட்டுத் தமனியைப் பற்றித்தான் கவலை. அதன் உள்விட்டமே 2 முதல் 3 மி.மீ. தான். ஷீத் நுழைந்தால் ரத்தம் ஓட இடம் குறைந்து, உறையத் தொடங்கும். அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலோருக்குத் தெரியாது; சுண்டுவிரல் பக்கத்துத் தமனி கையைக் காப்பாற்றிவிடும். ஆனால் அடுத்த ஆஞ்சியோவுக்கு அந்த வழி கிடைக்காமல் போகலாம். பைபாஸுக்கு எடுக்கவோ டயாலிசிஸுக்கோ அந்தத் தமனி உதவாது.

காத்திருப்பவர்களின் பயம் தொடையைப் பற்றியது. கையில் வழி கிடைக்காமல் தொடைக்கு மாறினால், ஏற்கெனவே ஏற்றிய மருந்தோடு அங்கே குத்த வேண்டும். ஹெப்பாரினின் வீரியம் பாதியாகக் குறையவே 1 முதல் 1½ மணி நேரம் ஆகும். குத்திய இடம் சற்று மேலே போய்விட்டால் ரத்தம் வயிற்றின் பின்புறம் கசியும். வெளியே ஒரு துளிகூடத் தெரியாது.

மருந்தை ஷீத் வழியா, சிரை வழியா கொடுப்பது என்பதைப் பெரிய விவாதமாக நான் நினைக்கவில்லை. ஷீத் வழியாகக் கொடுத்தால் கை எரியும் என்பதால் ரத்தத்தோடு கலந்து மெதுவாகச் செலுத்துகிறோம்.

அல்சூரிலிருந்து வந்த பாட்டி ஒருவரின் வளையல்களைச் சோப்பு நுரை போட்டு நான்தான் கழற்றினேன். முழங்கை அருகே தமனி சுருண்டிருந்தது, வயர் ஏறவில்லை. மருத்துவர் காத்திருக்கும் கட்சி. என் கையில் சிரிஞ்ச், சுவரில் கடிகாரம். "பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது சார், ஹெப்பாரின் இன்னும் போகவில்லை" என்றேன். உடனே கொடுக்கச் சொன்னார். பிறகு மெல்லிய வயர் ஒன்று வளைவைக் கடந்தது.

அதனால் நான் உடனே கொடுக்கும் பக்கம். தொடைக்கு மாற நேரும் என்று முன்பே தோன்றுகிற, வயதான, குள்ளமான பெண்களுக்குக் காத்திருப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அப்போது நிமிடத்தை உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மாலையில் மணிக்கட்டில் ரத்தம் நிற்கக் கட்டிய பட்டையை எடுத்தபின், பாட்டியின் கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை அழுத்திப் பிடித்தேன். திரையில் அலை நிற்கவில்லை; மணிக்கட்டுத் தமனி அடைக்கவில்லை.