வன்னிக்கு எந்தச் சப்பாத்து: வார்த்ததா, தைத்ததா, கம்பூட்ஸா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வேலைச் சப்பாத்து வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் முன்பக்க இரும்பைத்தான் மேசையில் தட்டிக் காட்டுவார். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நமது பக்கத்தில் சப்பாத்து சாவது பெரும்பாலும் வெக்கையாலும் ஈரத்தாலும், அதுவும் அடியிலிருந்து. அதனால் தோலைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். சோல் மேற்பகுதியோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலையும் ஆயுளும், காலுக்குப் பழக்க நாம் படப்போகும் பாடும்.

வன்னியில் வேலைக்குப் போகிறவர்களின் காலில் இப்போது மூன்று வகையைப் பார்க்கலாம். ஒன்று, கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தோல் சேஃப்டி சப்பாத்து. இதன் பொலியூரித்தேன் சோல் அச்சில் வார்த்து நேரே தோலோடு ஒட்டச் செய்தது. இரண்டாவது, மேற்தோலைச் சுற்றி வெல்ட் என்ற பட்டி வைத்து, அந்தப் பட்டியோடு சோலைத் தைத்தது. இது அனேகமாகக் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ யாராவது சொந்தக்காரரின் சூட்கேசில் வந்து சேரும். மூன்றாவது கம்பூட்ஸ், முழங்காலுக்குக் கிட்ட வரும் ரப்பர் சப்பாத்து. பாட்டாச் செருப்போடு கொங்கிரீட் போடுகிறவர்களை நான் இங்கே சேர்க்கவில்லை. இதையெல்லாம் முதலில் வாசிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

வார்த்த சோலில் தொடங்குவோம், ஏனென்றால் பத்துப் பேரில் பலர் வாங்கப்போவது இதைத்தான். பாரம் குறைவு, ஒயில் பட்டாலும் சோல் கெடாது, போட்ட முதல் நாளே ஓரளவு நடக்கலாம். விலையும் கைக்கு எட்டும். நாக்கில் அல்லது உட்பக்கத்தில் ஈஎன் ஐஎஸ்ஓ 20345 என்ற சேஃப்டி சப்பாத்துத் தரக்குறி இருந்தால் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கியிருக்க வேண்டும். 20 கிலோ இரும்பு ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. பக்கத்தில் எஸ்1 என்று மட்டும் இருந்தால் அடியில் தகடு இல்லை. எஸ்1பி என்றால் ஆணி ஏறாத தகடு உண்டு. எஸ்3 என்றால் தகட்டோடு, மேற்தோலும் கொஞ்ச நேரம் தண்ணீரை உள்ளே விடாது, சோலிலும் ஆழமான பிடிகள் இருக்கும். பற்றை வளர்ந்து கிடந்த காணி துப்புரவாக்குகிறவர்கள், பழைய வீடு இடிக்கிறவர்கள் எஸ்1பிக்குக் கீழே இறங்கவே கூடாது. துருப்பிடித்த முட்கம்பியும் கூரைத்தகட்டு ஆணியும் எத்தனை வருடம் போனாலும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். விடத்தல் முள் வேறு.

ஒரு விஷயத்தை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட வேண்டும். அந்தத் தகடு ஆணிக்கும் முள்ளுக்கும்தான், மிதிவெடிக்கு இல்லை. சிவப்புப் பலகை நட்ட காணிக்குள் எந்தச் சப்பாத்தோடும் இறங்கக் கூடாது.

சரி, இதன் பலவீனம் என்ன? பொலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்து, உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும். போட்டாலும் நடக்கும், போடாமல் வைத்தாலும் நடக்கும். வெக்கையும் புழுக்கமும் கூடிய இடத்தில் இன்னும் வேகம். நல்ல சப்பாத்து என்று பெட்டியோடு அலுமாரியில் பொத்தி வைத்திருந்து, சில வருடம் கழித்து எடுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும்: மேற்தோல் பளபள என்று இருக்கும், குதியை விரலால் அழுத்தினால் பிட்டு மாதிரி உதிரும். வாசலிலிருந்து படலைக்குப் போவதற்குள் சோல் பாதி வழியில் கிடக்கும். ஆகவே வாங்கும்போது தயாரித்த திகதியைத் தேடுங்கள். நாக்கின் உட்புற லேபிளில் மாதமும் வருடமும் இருக்கும். பல சப்பாத்துகளில் சோலின் அடியிலும், 1 முதல் 12 வரை எண் போட்ட ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதன் அம்பு மாதத்தைக் காட்டும், நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். மூன்று, நான்கு வருடம் பழையதை எந்தக் கழிவு விலைக்கும் வாங்காதீர்கள். வாங்கியதை உடனே போட்டுத் தேயுங்கள். இந்த வகையைச் சேமித்து வைப்பதில் இலாபமே இல்லை.

வெல்டிங் பட்டறைக்காரருக்கு இன்னொரு கணக்கு. சூடான இரும்புத் துண்டை மிதித்தால் சாதாரண பொலியூரித்தேன் உருகும். நைட்ரைல் ரப்பர் சோல், எச்ஆர்ஓ என்ற குறி உள்ளது, 300 பாகை செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடம் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. லேஸுக்கு மேலே மூடி இருந்தால் பொறி உள்ளே விழாது.

தைத்த சப்பாத்துக்கு வருவோம். மேற்தோல் தடிப்பு, உள்ளங்காலுக்கும் சோலுக்கும் நடுவில் தக்கை நிரப்பியிருப்பார்கள், சோல் பெரும்பாலும் ரப்பர். ரப்பர் பொலியூரித்தேன் மாதிரி உதிராது. தேய்ந்தால் தையலைப் பிரித்து வேறு சோல் போடலாம். அமெரிக்காவில் 1905இல் தொடங்கிய ரெட் விங் மாதிரி நிறுவனங்கள் பெயரெடுத்தது இந்த வேலையால்தான். ஆனால் தையல் தெரிகிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வார்த்த சோலிலேயே தையல் மாதிரி வரி போட்டு விற்பார்கள். நகத்தால் நூலைக் கிளப்பிப் பாருங்கள், பொய்த் தையல் அசையாது.

இதை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதில்தான் கூடுதலான காசு வீணாகிறது. 'மச்சான், எனக்கு 8ஆம் நம்பர்' என்று வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு இருப்பார்கள். நமது கடைகளில் பழகிய 8 பிரித்தானிய அளவு. அது கனடாவில் ஏறத்தாழ 9, சுவிஸில் 42. ஒரு நம்பர் குறைந்த சப்பாத்து வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பவா முடியும்? பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம், கடதாசியில் நின்று பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரையுங்கள். நீளத்தையும் பெருவிரல் முட்டுக்கு நேரே உள்ள அகலத்தையும் மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். அகலம் முக்கியம். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த காலில் விரல்கள் விரிந்தே இருக்கும். வட அமெரிக்காவில் ஆண்களுக்கான சாதாரண அகலம் டி, அகலமானது டபிள் ஈ. நம்மில் பலருக்கு டபிள் ஈதான் சரி. அப்புறம், குளிருக்கென்று உள்ளே பஞ்சு வைத்ததையும், தண்ணீர் புகாத சவ்வு வைத்ததையும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சித்திரை வெயிலில் மாங்குளத்தில் நின்று அதைப் போட்டால் கால் அவியும். மேலால் ஒருதரம் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வரவும் நாள் எடுக்கும்.

பழக்குவதில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. தைத்தது பழகும், வார்த்தது பெரிதாகப் பழகாது. தைத்ததில் உள்ளங்கால் தக்கை உங்கள் பாரத்துக்கு மெல்ல அமுங்கி, உங்கள் காலின் வடிவத்தை எடுக்கும். விரல் மடியும் இடத்தில் தோலும் தனக்கென்று ஒரு மடிப்பைப் போட்டுக்கொள்ளும். ஆரம்பத்தில் குதி கொஞ்சம் மேலே கீழே வழுக்கினால் பயப்பட வேண்டாம், சோல் வளையத் தொடங்கியதும் அது குறையும். வார்த்ததில் தோல் மட்டும் சற்று இளகும், அவ்வளவுதான். கடையில் நிற்கும்போது உள்ளங்காலில் உறுத்தினால் மூன்று மாதம் போனாலும் உறுத்தும். இரண்டிலும் ஒருநாளும் பழகாதது முன்பக்க இரும்பு. சின்னவிரலோ பெருவிரலோ அதில் உரசினால் 'போடப் போடச் சரிவரும்' என்கிற பேச்சை நம்பாமல் அடுத்த அளவைக் கேளுங்கள். லேஸைக் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும்.

வேலைக்குப் போடும் அதே மேஸோடு வீட்டுச் சீமெந்துத் தரையில் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், சில நாளைக்கு. வீட்டுக்குள்ளேயே போட்டால் சோல் அழுக்காகாது, கடையில் மாற்றவும் வழி இருக்கும். அப்புறம் அரை நாள் வேலைக்கு, மாற்றுச் செருப்பைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு. முழு நாள் அதற்குப் பிறகு. தடித்த தோல் என்றால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். குதியில் சூடு ஏறுவதாகத் தெரிந்த உடனே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டி என்ன பயன்? புறங்காலில் ஒரு இடம் மட்டும் நோகிறதென்றால் அந்த இடத்துக்கு நேரே லேஸைக் குறுக்கே விடாமல் பக்கத்தால் மேலே ஏற்றிக் கட்டுங்கள், அழுத்தம் விட்டுவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் காலிலேயே காயவிடுகிற பழைய முறை இன்னும் சொல்லப்படுகிறது. ஒட்டுப் பசை விடும், தோல் காய்ந்து வெடிக்கும். வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்குவதும் அதே கதைதான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் தடித்த தோலைப் பழக்கும் வேலைக்கே போகக் கூடாது. கால் விறைத்திருந்தால் புண் வருவது தெரியாது. அகலமான, முதல் நாளே இதமான வார்த்த சோல் வகைதான் அவர்களுக்கு. ஒவ்வொரு மாலையும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கம்பூட்ஸைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாய்க்கால், வரம்பு, மாட்டுப்பட்டி வேலை என்றால் தோலை மறந்துவிடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலில் உள்ள கீறல் வழியாக ஏறும். அதற்குத் தோல் சப்பாத்து எந்தக் காவலும் இல்லை, நனைந்த தோலுக்குள் கால் மணிக்கணக்காக ஊறுவது இன்னும் மோசம். கம்பூட்ஸ் ஓரளவு காக்கும். கூடவே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரையும் கேட்டு வாங்கலாம். இரவில் தண்ணீர் கட்டப் போகிறவருக்கு இன்னொரு காரணம் கண்ணாடி விரியன். அது கொத்துவது அனேகமாகப் பாதத்திலும் கணுக்காலிலும்தான். முழங்காலுக்குக் கிட்ட வரும் உயரம் அங்கே பெரிய உதவி. ஆனையிறவு உப்பளப் பக்கம் வேலை என்றாலும் கம்பூட்ஸ்தான், உப்பு தோலையும் தையலையும் இரும்பையும் ஒன்றாகத் தின்னும். ஆனால் உழுது கலக்கிய ஆழச் சேற்றில் கம்பூட்ஸ் காலை விட்டு வயலிலேயே நின்றுவிடும். அந்த வேலைக்கு இன்னும் சரியான விடை இல்லை, வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். கீறல் இருந்தால் இறங்காமல் விடுவதே நல்லது.

இரண்டுக்கும் காசு இல்லை, ஒன்றுதான் வாங்கலாம் என்பவர் மேசன் என்றால் வார்த்த எஸ்3, கமக்காரர் என்றால் கம்பூட்ஸ். தைத்த சப்பாத்து மரம் அரிகிறவர்களுக்கும், நாள் முழுக்கக் கிரவலில் நடக்கிறவர்களுக்கும், வருடக்கணக்காக ஒரே வேலையில் நிற்கிறவர்களுக்கும் போட்ட காசைத் திருப்பித் தரும். மேசனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஈரச் சீமெந்தின் காரம் எந்த நல்ல தோலையும் வறட்டி வெடிக்க வைக்கும். விலை கூடிய தோலைக் கொண்டுபோய் அதில் நனைப்பானேன்? எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் சீமெந்தைக் காயவிடாமல் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் ஊரில் எல்லோருக்கும் கை எட்டுவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். கொஞ்சம் பூசினால் இளகும், உண்மை. அடிக்கடி பூசினால் தோல் தொய்ந்து, தூசியைப் பிடித்து, மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். வன்னிக் காட்டுத் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு கிடைக்குமானால், அதைச் சூட்டில் இளக்கிக் கொஞ்சம் எண்ணெய் கலந்து ஆறவைத்து, மாதத்துக்கு ஒருமுறை துணியால் மெல்லிசாகத் தேயுங்கள். தையல் ஓரத்திலும் நாக்கு மடியும் இடத்திலும் கூடுதலாக. நனைந்து வந்தால் உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள், தாளை ஒருதரம் மாற்றுங்கள். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுவது தேளுக்கும் பூரானுக்கும்.

பசையால் மட்டும் ஒட்டிய ரப்பர் சோல் என்றால், வாங்கிய கையோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றித் தைப்பிக்கலாம். செலவு அதிகமில்லை, முதல் மழையில் வாய் பிளக்காது. தைத்த இடத்தில் மெழுகைத் தேய்த்து நூல் துளைகளை அடைத்துவிடச் சொல்லுங்கள். வார்த்த பொலியூரித்தேன் சோலுக்கு இதைச் செய்யக் கூடாது. ஊசி போன துளையால் தண்ணீர் ஏறும், அந்தத் துளையிலிருந்தே சோல் கிழியவும் தொடங்கும்.