பாளையங்கோட்டை ஆடிட்டர் அலுவலகம்: கணக்குக்குப் போகலாம், துண்டறிக்கைக்கு வேண்டாம்

முக்கூடலில் பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தை 2023இல் அறக்கட்டளையாகப் பதிவு செய்தோம். பத்திரம் கைக்கு வந்தால் நன்கொடையும் வந்துவிடும் என்று எண்ணியிருந்தோம், வரவில்லை. அந்த டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு மாவட்டம் முழுவதும் நிவாரண வசூல் நடந்த நாட்களில், நேற்று முளைத்த எங்களை நம்பிப் பணம் தாருங்கள் என்று கேட்க எங்களுக்கே கூச்சமாக இருந்தது. அதன்பின் புதிய அறக்கட்டளைகளுக்குக் கணக்கு, வரிப் பதிவு, நன்கொடை வேண்டுகோள் மூன்றையும் செய்து தரும் பாளையங்கோட்டை ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை அணுகினோம்.

முதல் நாளே ஆடிட்டர் எங்கள் ரசீதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் மூன்று எண்களைக் காணவில்லை. "இந்த மூணும் எங்க, அண்ணாச்சி?" என்று பொருளாளரைக் கேட்டார். எழுத்துப் பிழையானதால் கிழித்துப் போட்டதாக அவர் சொன்னார். பிழையான ரசீதையும் குறுக்கே கோடிட்டு, 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்குக் கொடுத்த கட்டணத்தில் பாதி அந்த ஒரு மணி நேரத்திற்கே தகும்.

நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு தாமதமின்றி முடிந்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதை ரசீதிலேயே அச்சிடச் செய்தார்கள். நன்கொடை விவரங்களை மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவர்களுக்கு உரிய சான்றிதழும் எடுத்துத் தந்தார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடியுரிமையோடு இருந்து தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்றும், அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரிடம் அதற்கான தனிப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்றும் பொறுமையாக விளக்கினார்கள்.

துண்டறிக்கையில்தான் சறுக்கினார்கள். கிழிந்த சட்டையோடு அழும் குழந்தையின் படம், அதன் கீழே ஊர்ப்பேச்சுக்குச் சற்றும் ஒட்டாத உருக்கமான வாசகங்கள். எங்கள் பிள்ளை ஒருவரின் முகத்தையாவது போடலாம் என்றார்கள். அதைப் படிப்பகத்திற்கு வரும் தாயே பார்ப்பார் என்று சொல்லி மறுத்துவிட்டோம். பிறகு நாங்களே எழுதினோம்: வாசலில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளின் படம், ஒரு பிள்ளைக்கு மாதம் 640 ரூபாய் ஆகிறது என்ற கணக்கு, அது நோட்டுக்கு எவ்வளவு, சுண்டலுக்கு எவ்வளவு என்ற பிரிவு. மாதந்தோறும் தருவதாகப் பதினொரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டணம் 15,000 என்று பேசி, முடிவில் 18,000 வாங்கினார்கள். முன்கூட்டியே எழுதி வாங்காதது எங்கள் தவறு. வரித் தாக்கல் காலத்தில் தொலைபேசியையும் எடுப்பதில்லை.

மாத வரவு செலவைப் படிப்பக வாசலில் ஒட்டச் சொன்னதும் அவர்கள்தான். நன்கொடையாளர் யார் இங்கே வந்து படிக்கப் போகிறார் என்று அலுத்துக்கொண்டே ஒட்டினோம். முதல் மாதமே ஒரு தாய் அதை நின்று படித்துவிட்டு, "கொண்டைக்கடலைக்கு இவ்ளோவா? துட்டைத் தாங்க, நான் வாங்கிட்டு வாரேன்" என்றார். அதுமுதல் கடலை அவர் பொறுப்பு. கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைந்திருக்கிறது.