யமஹா ஏ-எஸ்501 ஆம்ப்: ராத்திரி பாட்டு கேக்குறவங்களுக்கு

வாங்கி எட்டு மாசம் ஆச்சு, இப்ப எழுதுனாதான் நியாயம்னு தோணுது, ஏன்னா புதுசா வந்த மொத வாரம் எந்த ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர ஓட்டுற பெட்டி) நல்லாத்தான் கேக்கும், காசு குடுத்தவன் காது அப்படி.

மாடல் யமஹா ஏ-எஸ்501. சேனலுக்கு 85 வாட்ஸ், 8 ஓம்ல. 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது காதுக்குக் கேக்குற மொத்த ரேஞ்சுக்கும் கணக்குப் பண்ணி சொல்ற 85 இது. முன்னாடியெல்லாம் செட்டு மேல பெருசா ஸ்டிக்கர் ஒட்டி வரும்ல, ஆயிரக்கணக்குல வாட்ஸ் பிஎம்பிஓன்னு (கண்ண மூடித் தெறக்குற நேர உச்சத்த வச்சு ஊதிப் போடுற நம்பர்), அந்த ஞாபகத்துல யாராவது "வெறும் 85தானா"ன்னு கேட்டா (என் மச்சான் கேட்டான்) சிரிச்சுட்டு விட்ருங்க.

ஆனா சத்தியமா அந்த 85 கூட எனக்குத் தேவையில்ல. என் ஸ்பீக்கர் 88 டெசிபல், அதாவது ஒரு வாட் குடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் வந்துரும், அந்த சத்தத்துல பக்கத்துல இருக்குறவங்ககிட்ட கத்தித்தான் பேசணும். இதுக்கு தம்பி ஏ-எஸ்301, 60 வாட்ஸ். 60க்கும் 85க்கும் நடுவுல இருக்குறது வெறும் ஒன்றரை டெசிபல், வாட்ஸ் ரெண்டு மடங்கானாத்தான் 3 டெசிபலே ஏறும். அப்புறம் ஏன் 501னா, நான் போன அன்னிக்கு 301 ஸ்டாக் இல்ல, அவ்ளோதான் கதை.

இதுல நான் காசு குடுத்தது லவுட்னஸ்னு இருக்குற அந்த ஒரு நாபுக்குத்தான். எங்க வீடு ஃப்ளாட், பொண்ணு தூங்குனப்புறம் பத்தரை மணிக்குத்தான் எனக்கு ஹால் கெடைக்கும். கம்மி வால்யூம்ல கச்சேரி கேட்டீங்கன்னா தெரியும், மிருதங்கத்துல வலந்தலை (வலது பக்கம்) டிங்குன்னு கேக்கும், தொப்பி (கும்முன்னு அடி சத்தம் வர்ற இடது பக்கம்) ஆளயே காணோம். ரெக்கார்டிங் மேலயும் தப்பில்ல, ஸ்பீக்கர் மேலயும் தப்பில்ல, நம்ம காதே அப்படித்தான், சத்தம் கொறைய கொறைய பேஸ் மத்ததவிட சீக்கிரமா காணாமப் போயிரும். 1933லயே பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இத அளந்து கோடு போட்டு வச்சுட்டாங்க. நெறைய ஆம்ப்ல இதுக்கு ஒரு பட்டன் இருக்கும், அழுத்துனா பேஸும் ட்ரெபிளும் தடால்னு ஏறும், நீங்க எவ்ளோ வால்யூம்ல கேக்குறீங்கன்னு அதுக்குக் கவலையில்ல. இதுல திருகுற நாப். மொதல்ல அத ஃப்ளாட்னு போட்டிருக்குற எடத்துல வச்சுட்டு, வால்யூம நீங்க அதிகபட்சமா எவ்ளோ கேப்பீங்களோ அங்க வைக்கணும், அப்புறம் வால்யூமத் தொடாம லவுட்னஸத் திருப்பி சத்தத்தக் கொறைக்கணும். நடுவுல இருக்குற குரல், வயலின் ஏரியாவத்தான் அது அதிகமா எறக்குது, கீழயும் மேலயும் கம்மியா எறக்குது. பத்தரை மணிக்குத் தொப்பி திரும்ப வந்துச்சு. தனி ஆவர்த்தனம் முழுசா உக்காந்து கேட்டேன்.

இதுல ஒரு வெக்கக்கேடு சொல்லணும். மொத மூணு வாரம் லவுட்னஸ் வேலையே செய்யல, எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒண்ணும் நடக்கல. பார்த்தா ப்யூர் டைரக்ட்ட ஆன்ல வச்சிருக்கேன். பேரு கம்பீரமா இருக்கேன்னு நான்தான் போட்டது. அது ஆன்ல இருந்தா டோன், பேலன்ஸ், லவுட்னஸ் எல்லாத்தயும் தாண்டி சிக்னல் நேரா போயிரும். மேனுவல்ல தெளிவா போட்டிருக்கு, படிக்கிறது யாரு.

கடையில கேட்டுப் பாக்குறவங்களுக்கு ஒண்ணு. நான் போன ஒரு கடையில (பேர் வேணாம்) இதயும் ரெண்டு மடங்கு வெலையில இன்னொண்ணயும் மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுனாரு, வெல கூடுனது ஓடும்போது மட்டும் வால்யூம் லேசா தூக்கலா இருந்துச்சு. ஒரு டெசிபல் கூட இருந்தாலே "ஆகா என்ன க்ளாரிட்டி"ன்னு தோணும். வேணும்னே பண்ணாரா தெரியல. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்ண ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சுப் பாத்து ரெண்டயும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டுக் கேளுங்க. நான் கேட்டதுக்கு ஒரு மாதிரி பாத்தாரு, ஆனா விட்டாரு. சமமாக்குனப்புறம் எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. உங்களுக்குத் தெரியலாம்.

டிவிக்கு ஆப்டிகல் இருக்கு, கோஆக்ஸியலும் இருக்கு, எச்டிஎம்ஐ கெடையாது. டிவி செட்டிங்ல ஆடியோவ பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) மாத்தணும், டால்பின்னு இருந்தா இது புரிஞ்சுக்காது, அரை மணி நேரம் வயரக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன். ப்ளூடூத்தும் உள்ள கெடையாது, தனியா ஒரு ரிசீவர் வாங்கி லைன் இன்ல மாட்டிருக்கேன், அது போதும். போனோ இன்புட் (ரெக்கார்ட் ப்ளேயர் மாட்டுற எடம்) எம்எம் கார்ட்ரிஜ்ஜுக்கு, அதாவது மூவிங் மேக்னெட் வகை ஊசிக்கு மட்டும், அப்பாவோட பழைய ரெக்கார்டுக்கு அது தாராளம்.

வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்துட்டுப் போய் டிவி யூனிட்ட அளந்துருங்க, ஆம்ப் ஆழம் மட்டும் 387 மில்லிமீட்டர், பின்னாடி வயர் வளையவும் இடம் வேணும், மேல காத்து போகணும். எங்க வீட்டுத் தட்டு 15 இஞ்ச், ஆசாரியக் கூப்ட்டு பின்பலகைய வெட்ட வேண்டியதாப் போச்சு, ஆம்ப் வாங்குனதவிட அதுக்குத்தான் வீட்டுல அதிகமா திட்டு விழுந்துச்சு. 10 கிலோவுக்கு மேல கனம், தனியா தூக்கி உள்ள தள்ளாதீங்க.

கொறைன்னா ஒண்ணுதான், ரிமோட்ல வால்யூம் போகும், நாப் தானா சுத்துறதப் பாக்கவே அழகா இருக்கும், ஆனா லவுட்னஸுக்கு எந்திரிச்சுத்தான் போகணும். நான் வால்யூம் நாப் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன், அதுக்கு நேரா வச்சா எங்க வீட்டு மேக்சிமம். பொண்ணு பகல்ல வந்து மொத வேலையா அத நகத்திட்டுப் போயிருது.