"எல்லாம் அசல்" என்று விற்கப்பட்ட 1943 கேரண்ட்: கழற்றியபோது தெரிந்தவை

"1943 ஸ்பிரிங்ஃபீல்ட், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, எல்லாம் அசல்." அமெரிக்காவில் நடந்த ஓர் ஆன்லைன் ஏலத்தில் இந்த ஒரு வரியை நம்பி, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்1 கேரண்ட் ஒன்றுக்குச் சாதாரண கேரண்டின் விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறார் ஒரு சேகரிப்பாளர். கழற்றிப் பார்த்தால் குறைந்தது மூன்று துப்பாக்கிகளின் பாகங்கள். கேட்டதற்கு விற்றவர் சொன்ன பதில், "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது."

ஏமாந்தவர் விவரம் தெரியாதவர் இல்லை. பாகங்களின் எண்களை எல்லாம் சரிபார்த்துத்தான் வாங்கினார். சிக்கலே அங்குதான். கேரண்டில் சீரியல் எண் இருப்பது ரிசீவரில் (மற்ற பாகங்களைத் தாங்கும் இரும்பு உடற்பகுதி) மட்டும், பின்புறப் பார்வைக்குறிக்குப் பின்னால். போல்ட் (தோட்டா அறையை அடைக்கும் பாகம்), ஆபரேட்டிங் ராட் (போல்ட்டை முன்னும் பின்னும் இயக்கும் கம்பி), டிரிகர் ஹவுசிங் (விசைப் பகுதியின் கூடு) எதிலும் துப்பாக்கியின் எண் கிடையாது, அந்த வகைப் பாகத்துக்கெல்லாம் பொதுவான வரைபட எண்தான் இருக்கும். போல்ட் என்றால் டி28287, ராட் என்றால் டி35382, ஹவுசிங் என்றால் டி28290. கூடவே தயாரித்த தொழிற்சாலையின் குறி: ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 'எஸ்ஏ', வின்செஸ்டருக்கு 'டபிள்யூஆர்ஏ'. போருக்குப் பிறகு ராணுவக் கிடங்குகளில் இவற்றை மொத்தமாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, கைக்குக் கிடைத்ததைப் போட்டு மறுபடி பூட்டினார்கள். அதனால் காலத்துக்குப் பொருந்தும் பாகங்களைத் தேடி வாங்கி எவரும் ஒரு '1943' துப்பாக்கியை இன்று சேர்த்துவிடலாம். அதைச் செய்வது குற்றமும் இல்லை. அமெரிக்க அரசின் உபரி கேரண்டுகளைப் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி அமைப்பு இதற்கென்றே இரண்டு தரம் வைத்திருந்தது: பாகங்கள் காலத்துக்குச் சரியானவை என்றால் 'கரெக்ட்', தொழிற்சாலையில் பூட்டியபடியே இருந்தால் 'கலெக்டர்'. முதலாவதை இரண்டாவதன் விலைக்குத் தள்ளுவதுதான் மோசடி.

இந்தத் துப்பாக்கி மாட்டிக்கொண்டது ஆபரேட்டிங் ராடில். போர்க்கால ராடில் கைப்பிடியை ஒட்டிய உள்மூலை சதுரமாக இருக்கும். அந்த மூலையில் விரிசல் விழுந்ததால், பின்னாளில் அங்கே அரைவட்டமாக ஒரு வெட்டு போட்டார்கள். கிடங்குக்குப் போய்த் திரும்பிய ராட் பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும். வெட்டாத ராட் அரிது, விலையும் அதிகம். எனவே வெட்டைப் பற்றவைத்து அடைத்து, அரம் போட்டுச் சதுரமாக்கி, மேலே பார்க்கரைசிங் என்ற துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து 'வெட்டாத ராட்' என்று விற்கிறார்கள். எண்ணெயோடு பார்த்தால் தெரியவே தெரியாது. மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். பற்றவைத்த உலோகம் பூச்சை வேறு விதமாக ஏற்கும், நிறம் ஒரு சாயல் மாறும். அரத்தின் கோடுகள் மூலைக்குள் போய் நின்றுவிடும். இந்தத் துப்பாக்கியில் பட்டாணி அளவுக்கு ஒரு சாம்பல் திட்டு. பணத்தைவிட மோசமான விஷயம், விரிசல் விழும் என்று எடுத்த இடத்தில் மறுபடி உலோகத்தை ஏற்றியிருக்கிறார்கள். அந்த ராடோடு சுடக்கூடாது.

அடுத்தது துப்பாக்கியின் மரக்கட்டை. இடப்பக்கத்தில் ஆய்வு முத்திரை, அன்றைய ஸ்பிரிங்ஃபீல்ட் தலைவர் ஏர்ல் மெக்ஃபார்லண்டின் பெயர்ச்சுருக்கத்தோடு. 1943 முற்பாதிக்கு அது பொருத்தம்தான். ஆனால் முத்திரை அச்சுகள் கடையில் கிடைக்கின்றன. அசலில் முதலில் விழுந்தது முத்திரை, அடியும் கீறலும் பிறகு விழுந்தவை, ஆகவே கீறல் முத்திரையைக் குறுக்கே வெட்டிப் போகும். இங்கே தலைகீழ்: பழைய பள்ளத்தின் மேல் எழுத்து ஏறியிருக்கிறது, எழுத்தின் அடியில் அழுக்குக்குப் பதில் வெளிர்மரம். கட்டையின் பின்முனையை மூடும் பட் பிளேட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் இரும்பு தட்டுகிறது, அதாவது மரத்தைத் தேய்த்து இறக்கியிருக்கிறார்கள். விளக்கைச் சாய்த்தபோது, தேய்த்தும் முழுக்கப் போகாத கழுகின் இறக்கை ஒன்று முத்திரைக்குப் பக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. அது 1950களின் பாதுகாப்புத் துறைக் கழுகு முத்திரை.

பாரலின் (குழலின்) தேதியைப் பார்க்க ராடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளங்கை ஓரத்தால் கைப்பிடியைத் தடுத்தே வையுங்கள், இல்லையென்றால் போல்ட் பாய்ந்து கட்டைவிரலை நசுக்கும். வலப்பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும், ரிசீவர் பிறந்த மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாக இருப்பது வழக்கம். இங்கே தேதி பொருந்தியது. தேய்மானம் பொருந்தவில்லை. தொண்டை அளவி (பாரலில் தோட்டா நுழையும் பக்கத்தின் தேய்மானத்தை அளப்பது, எண் கூடினால் தேய்மானம் கூடுதல்) 2 காட்டியது, கிட்டத்தட்ட புதுசு. ரிசீவரில் போல்ட் ஓடும் தடமோ வெள்ளையாகத் தேய்ந்து கிடக்கிறது. பாரலை மூடும் மரமான பின்பக்க ஹேண்ட்கார்டைக் கழற்றினால் பாரல் சேரும் இடத்தில் புதுப் பிடிக்கீறல், அதாவது பாரலைப் பின்னாளில் மாற்றியிருக்கிறார்கள். அளவி எண்ணை மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். சிஎம்பியின் 'சர்வீஸ்' தரத்துக்கே தொண்டை 5, குண்டு வெளியேறும் வாய் 3 வரை ஏற்பு உண்டு. கேரண்டைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது, இரும்புக் கம்பி வாய் வழியாகத்தான் போகும், ஆகவே நன்றாக உழைத்த துப்பாக்கியில் வாய் தேய்ந்திருப்பதுதான் இயல்பு.

விலை ஏற ஏறப் பித்தலாட்டமும் ஏறும். 1940 வரை வந்த முதல் 50,000 சொச்சம் 'கேஸ் டிராப்' வகை, பாரலின் முனையில் வெடிவாயுவைப் பிடித்து இயங்குவது. ஏறக்குறைய எல்லாவற்றையும் பிறகு மாற்றிவிட்டார்கள், மாறாமல் மிஞ்சியவை மிகக் குறைவு. அதன் கேஸ் சிலிண்டருக்கு இன்று நகல் உண்டு. பாரலை அளந்து பாருங்கள்: டிராப் வகைக்கு 22 அங்குலம், பிந்தையதற்கு 24. தொலைநோக்கி பூட்டிய ஸ்னைப்பர் வகைகள் எம்1சி, எம்1டி. எம்1சி ரிசீவரில் தொலைநோக்கித் தளத்துக்கு ஐந்து துளைகள், அவை உருக்கைக் கடினமாக்கும் முன்பே போட்டவை. எம்1டி இன்னும் ஆபத்து. பாரலை மாற்றினாலே எம்1டி ஆகிவிடும், ரிசீவரில் எந்த அடையாளமும் இருக்காது. அரசு விற்பனைக் காகிதம் இல்லாத எம்1டிக்குச் சாதாரண கேரண்டின் விலைதான்.

ராணுவம் வெட்டி எறிந்த ரிசீவரின் இரண்டு பாதிகளைப் பற்றவைத்துச் செய்தவையும் சந்தையில் உலவுகின்றன. நடுவில் நிறம் மாறும் பட்டை, உள்ளே சாணை பிடித்த தடம், நீளத்தில் வித்தியாசம் இருந்தால் தொடவே வேண்டாம். ஆனால் மிகப் பழைய ஸ்பிரிங்ஃபீல்ட் ரிசீவரின் உள்ளே வலப்பக்க வழிகாட்டி விளிம்பில் பற்றவைத்த சிறு தடம் தெரிந்தால் பதற வேண்டாம். 7வது தோட்டா சிக்கிக்கொள்ளும் கோளாறுக்கு அன்றே செய்த திருத்தம் அது. அதைச் சாணை பிடித்து 'சுத்தம்' செய்துவிட்டு விற்பவர்களும் உண்டு!

அமெரிக்காவில் ஏலத்தில் வாங்கிய துப்பாக்கி முதலில் உங்கள் ஊர் உரிமம் பெற்ற வியாபாரியிடம்தான் வரும். துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசின் 4473 படிவத்தில் கையெழுத்திடும் முன்பு, அவர் கடை மேசையிலேயே டிரிகர் கார்டை இழுத்துத் திறந்து கட்டையைப் பிரித்துப் பாருங்கள். கையெழுத்துக்குப் பிறகு துப்பாக்கி உங்களுடையது, திருப்புவது பெரும்பாடு. ஏலத்தின் பரிசோதனை நாட்கள் எத்தனை, பிரித்துப் பார்த்தால் திருப்பும் உரிமை போய்விடுமா என்பதை ஏலம் கேட்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இந்த ஏலத்தில் அந்த நிபந்தனை கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது: "பிரித்தால் திருப்ப இயலாது."