கூடாரத்துக்கு அடியில் எதை விரிப்பது? தார்ப்பாய், டைவெக், மல்ச்சிங் ஷீட்: ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு அருகே நண்பர் ஒருவரின் மாந்தோப்பில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவு, ஒன்பதுக்கு ஆறு அடி நீலத் தார்ப்பாயை மடிக்காமல் அப்படியே விரித்து, அதன் நடுவில் ஏழுக்கு ஐந்து அடித் தரை கொண்ட கூடாரத்தை நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நள்ளிரவுக்குப் பின் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தின் மேல்துணியில் வழிந்த நீர் மண்ணில் இறங்க வழியில்லாமல், நான்கு புறமும் நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயின் மேல் விழுந்தது. பிறகு அங்கிருந்து கூடாரத் தரைக்கும் தார்ப்பாய்க்கும் இடையே ஓடித் தேங்கியது. கை ஊன்றிய இடமெல்லாம் நீர் நிரப்பிய பை போல அசைந்தது. விடியும்போது தலைக்கு வைத்திருந்த துணிப்பை முழுவதும் நனைந்திருந்தது. காலையில் தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “மழத்தண்ணி தானா உள்ள வரல சார், நீங்களே முறம் வச்சுப் புடிச்சு உள்ள உட்டிருக்கீங்க” என்றார்.

ஆகவே, அடிவிரிப்பு எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்விக்கு முன்பே அது எவ்வளவு பெரியது என்ற கேள்வி வந்துவிடுகிறது. கூடாரத் தரையைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டப்பட்ட விரிப்பே சரியானது. ஏழுக்கு ஐந்து அடித் தரைக்கு அது ஆறடி எட்டங்குல நீளமும் நான்கடி எட்டங்குல அகலமுமாக, சுமார் 2.9 சதுர மீட்டர் பரப்பாக வரும். கீழே சொல்லும் எடைகளெல்லாம் இந்த ஓர் அளவுக்கே கணக்கிடப்பட்டவை. கடையில் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு அளவில் விற்கப்படுவதால், அட்டையில் உள்ள எடையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது பயன் தராது.

அடுத்ததாகத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, விரிப்பிடம் நாம் எந்த வேலையை எதிர்பார்க்கிறோம் என்பது. தைத்த தரையுள்ள கூடாரத்தில் நீரைத் தடுப்பது கூடாரத்தின் சொந்தத் தரையே. அடிவிரிப்பு அந்தத் தரைக்குப் பதிலாகக் கல்லிலும் முள்ளிலும் தேய்ந்து கிழிவதற்கென்று போடப்படும் மலிவான பலியாள் மட்டுமே. நான்கு குச்சியும் கயிறும் கொண்டு மேலே ஒரு படுதாவை மட்டும் கட்டித் தரையில்லாமல் படுப்பவருக்கோ, விரிப்புதான் தரை; அதில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் ஈரம் நேராக முதுகுக்கு வரும். ஒரே பொருள் முதல் வேலையில் முதலிடத்தையும் இரண்டாவதில் கடைசி இடத்தையும் பெறக்கூடும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் “எது சிறந்தது” என்று பேசுவதால்தான் இப்பொருள் குறித்த பேச்சுகள் பெரும்பாலும் முடிவில்லாமல் சுற்றுகின்றன.

தரையையும் பார்க்க வேண்டும். 2004 வரை ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தரை என்றால் பெரும்பாலும் செம்மண்ணும், கருங்கல் உதிர்ந்த சரளையும், அவற்றின் நடுவே கண்ணாடிச் சில்லு போன்ற விளிம்புள்ள வெள்ளைக்கல் துண்டுகளும்தான். அறுவடை முடிந்த வயலில் நெருஞ்சி இருக்கும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சீமைக்கருவேல முள் சருகோடு சருகாகக் கிடக்கும். ஆகையால் ஆண்டின் பெரும்பகுதிக்கு இங்கே விரிப்பின் முதல் எதிரி நீரன்று, முள். (காடு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகள் யானைகள் நடமாடும் இடங்கள், அவற்றில் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு ஆகிய வனவிலங்கு சரணாலயங்களுக்குள் வருகிறது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கூடாரம் அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வதெல்லாம் தோப்பு, வயல், தெரிந்தவர் நிலம் ஆகியவற்றைப் பற்றியே.)

முதலில் எல்லோர் கைக்கும் வருவது தார்ப்பாய். ராகிக் கதிரை அடித்துக் காயப்போட இந்த ஊர் வீடுகளில் வைத்திருக்கும் படுதாவும் இதுவே. ஆனால் ஹார்டுவேர் கடையில் தார்ப்பாய் என்று கேட்டால் கிடைப்பது இரண்டு வேறு பொருள்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, பிளாஸ்டிக் நாடாக்களைச் சாக்கு போல நெய்து, இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியது. விரல் நகத்தால் தடவினால் நெசவின் கட்டங்கள் தட்டுப்படும். மற்றது, நெசவே இல்லாமல், வெவ்வேறு திசையில் இழுத்த படலங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்தது. சில்பாலின் என்ற வணிகப் பெயரே அதற்குப் பொதுப்பெயராக ஊரில் வழங்குகிறது.

நெய்த தார்ப்பாயில் பூச்சுதான் நீரைத் தடுக்கிறது, நெசவு அன்று. நான்காக, எட்டாக மடித்து மடித்து வைக்கும்போது மடிப்புக் கோடுகளில் பூச்சு வெடித்து உதிர்கிறது. பழைய தார்ப்பாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மடிப்பு விழுந்த இடங்களில் வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். அந்தப் பொட்டுகள் வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது. ஆயினும் முள்ளை எதிர்த்து நிற்பதில் இதற்கு ஒரு நன்மை உண்டு: முள் குத்தினாலும் நாடாக்கள் விலகிக் கொடுப்பதால் கிழிசல் ஓடுவதில்லை. தைத்த தரைக்கு அடியில் போட இது போதும். சில்பாலின் வகையோ மடிப்பில் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை, நெசவுக் கண்கள் இல்லாததால் நீரும் ஏறுவதில்லை. ஆகவே தரையில்லாத படுதாக் கூரைக்குக் கீழே நான் விரிப்பது இதைத்தான்.

கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்கிறார்கள். 90 ஜிஎஸ்எம் விரிப்பு நம் அளவுக்கு ஏறக்குறைய 260 கிராம் வரும். 120 எனில் 350 கிராம். 200 எனில் 580 கிராம். லாரிக்கு மூடவும் கூரைக்குப் போடவும் வாங்குபவர்களுக்குக் கடைக்காரர் 200க்கு மேல்தான் பரிந்துரைப்பார், அவர் சொல்வது அந்த வேலைக்குச் சரி. முதுகில் சுமப்பவருக்கு 90 போதும் என்பது என் முடிவு. சரளை மிகுந்த இடம் எனில் 120. குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இது சத்தம் போடும். புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யாரோ மிக்சர் பொட்டலம் பிரிப்பது போலிருக்கும். சில இரவுகள் பயன்படுத்தி, கசங்கிய பின் அது சற்று அடங்குகிறது.

வெளிநாட்டுப் பயணிகள் புகழும் டைவெக் இதற்கு நேர்ப் போட்டி. அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் உருவாக்கிய இந்தப் பொருள், நூலாக நூற்காமல் வெடித்துச் சிதறவிட்ட பாலிஎத்திலீன் இழைகளைச் சூட்டில் அழுத்திச் செய்யப்படுவது. பார்வைக்குக் காகிதம், கிழிக்க முயன்றால் துணி. அங்கே மரவீடுகளின் சுவருக்குள் போர்த்துவதற்கே அது முதன்மையாக விற்கிறது. ஆய்வகத்தில் அணியும் வெள்ளை முழு உடைகளில் ஒரு வகையும் இதனாலானதே. வீட்டுக்குப் போர்த்தும் வகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் என்பதால் நம் அளவுக்கு 175 கிராமளவில் முடிந்துவிடும். எடை குறைவு, தேய்மானம் தாங்கும், மண் ஒட்டினால் உதறினாலே போய்விடும். நீராவியை விட்டு நீர்த்துளியைத் தடுப்பது அதன் சிறப்பு. சுவருக்கு அது வரம், தரைக்கு அவ்வளவாக இல்லை, ஏனெனில் நனைந்த மண்ணின் மேல் முழங்கால் ஊன்றும் இடத்தில் பழகித் தளர்ந்த டைவெக் மெல்லக் கசிகிறது. மொரமொரப்பைப் போக்க அதைச் சலவை இயந்திரத்தில் போட்டு எடுக்கும் வழக்கம் இந்தக் கசிவை இன்னும் விரைவுபடுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தருமபுரிக் கடைவீதியில் இதைக் கேட்டு வாங்க முடியாது. இணையத்தில் வரவழைக்கும் விலையில் இங்கே நான்கைந்து தார்ப்பாய் வாங்கிவிடலாம். தைத்த தரையுள்ள கூடாரத்தோடு பல நாள் நடப்பவர் வாங்கலாம். மற்றவருக்கு அது ஆசைப் பொருள்.

எடையை இன்னும் குறைக்க விரும்புவோர் பாலிக்ரையோ என்ற படலத்தைச் சொல்வார்கள். குளிர்நாடுகளில் ஜன்னலுக்கு உள்ளே ஒட்டிக் குளிரைத் தடுக்கப் பயன்படும் இது 20 மைக்ரான் அளவே தடிமனுள்ளது. நம் ஊரில் அந்த ஜன்னலும் இல்லை, அந்தக் குளிரும் இல்லை. ஆனால் அதற்குச் சமமான ஒன்று ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி வயல்களில் பாத்திக்குப் பாத்தி விரிந்து கிடக்கிறது: களை முளைக்காமல் மண்ணை மூடிவைக்கும் பிளாஸ்டிக் படலமான மல்ச்சிங் ஷீட். ஒரு புறம் வெள்ளி நிறமும் மறுபுறம் கறுப்புமாக, 25 அல்லது 30 மைக்ரான் தடிமனில், பெரும்பாலும் நான்கடி அகலத்தில் உருளையாக வரும். 25 மைக்ரான் ஷீட் நம் அளவுக்கு எழுபது கிராம்கூடத் தேறாது. உருளையின் கடைசிச் சுற்றில் மிஞ்சிய ஆறேழு அடித் துண்டு, மருந்தடிக்கும் டப்பாக்களுக்குப் பின்னால் பல விவசாயிகளின் கொட்டகையில் கிடக்கும். கேட்டால் காசு வாங்காமலே தருவார்கள்.

நான் அதை இரண்டு முறை பயன்படுத்திப் பார்த்தேன். ஒருவர் படுக்க நான்கடி அகலம் தாராளம். இருவர் கூடாரத்துக்கு இரண்டு துண்டை நீளவாக்கில் ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும், அந்த இணைப்பில் ஈரம் புகும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நெருஞ்சி அதைக் குத்தியது. ஆனால் ஷீட் நீண்டு கொடுப்பதால் துளை துளையாகவே நின்றது, கிழிசலாக ஓடவில்லை. காற்றுதான் பெரும் தொல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இது தை மாதத்து இளங்காற்றுக்கே எழுந்து முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. நான்கு மூலையிலும் கல் வைத்த பிறகே கூடாரத்தை எடுக்க வேண்டும். நாற்று நடுவதற்கென்று முன்கூட்டியே துளையிட்ட ஷீட்டும் விற்கிறது, தெரியாமல் அதை வாங்கிவிடக் கூடாது. அறுவடைக்குப் பின் உரித்தெடுத்த பழைய ஷீட்டும் உதவாது. ஓரிரு இரவுக்கு, தைத்த தரைக்கு அடியில், எடையே முக்கியம் என்பவருக்கு இதைவிட மலிவான தேர்வு இல்லை. கிழிந்ததை வயலிலேயே விட்டுவராமல் சுருட்டி எடுத்துவர வேண்டும். ஏற்கெனவே அந்த மண்ணில் வேண்டிய மட்டும் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கின்றன.

கூடாரத்தோடு சேர்த்து விற்கப்படும், பூச்சு ஏற்றிய நைலான் அல்லது பாலியஸ்டர் விரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு கச்சிதமாக இருக்கும், மூலைகளில் வளையம் இருக்கும், சத்தம் இராது. அதன் அட்டையில் 3000 மிமீ நீர் தாங்கும், அதாவது அவ்வளவு உயரம் நின்ற நீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்று போட்டிருப்பதை மட்டும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் இரு முழங்காலிலும் முழு எடையை ஊன்றும்போது, அவை சேர்ந்து 80 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுவதாகக் கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 750 கிராம் அழுத்தம் விழுகிறது. அது ஏழரை மீட்டர், அதாவது 7500 மிமீ உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமம். படுத்திருக்கும்போது எடை பரவிவிடுவதால் கவலையில்லை. முழங்காலிட்டுப் பையைத் துழாவும் இடத்தில்தான் ஈரம் தென்படும், அதைக் கண்டு விரிப்பு ஓட்டையென்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேலும் வழுவழுப்பான துணி என்பதால், வத்தல்மலை போன்ற சரிந்த நிலத்தில் இரவெல்லாம் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஃபிளெக்ஸ் பேனர் இலவசமாகக் கிடைக்கிறது என்று சிலர் எடுத்துவருகிறார்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்றாலும் நம் அளவுக்கு 870 கிராம்; காரில் வருபவருக்கு மட்டுமே ஆகும், வெயிலில் சூடேறினால் நாற்றமும் உண்டு. சணல் சாக்கு ஈரத்தைக் குடித்துக்கொள்ளும், செம்மண்ணில் இரண்டு இரவு கிடந்தால் கறையான் வந்துவிடும். உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பு நெய்த தார்ப்பாயின் ஏழைத் தம்பி. நீர் தடுக்காது, முள் தடுக்கும்.

தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலத்தில் மார்கழியில் தங்குபவர்கள் விரிப்பு ஒழுகுவதாகக் குறைப்படுவதுண்டு. மழையே இல்லாத அந்த இரவுகளில் மண்ணிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த படலத்தின் அடிப்புறத்தில் துளித்துளியாகக் கோத்து நிற்கும். விடிந்ததும் விரிப்பைத் திருப்பிப் பார்த்து, ஈரம் அடிப்புறத்தில் மட்டும் இருந்தால் அது ஒழுக்கன்று. சந்தேகமிருப்பின் வீட்டிலேயே சோதிக்கலாம்: வாசலில் நீர் தெளித்து நன்றாக நனைத்து, விரிப்பைப் போட்டு, அதன்மேல் உலர்ந்த செய்தித்தாள் ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் முழங்காலிட்டால், கசியும் இடத்தைத் தாளே காட்டிவிடும். பழைய நீலத் தார்ப்பாயில் அது மடிப்புக்கோட்டின் வழியே கறை பிடிக்கும். புதிய 90 ஜிஎஸ்எம் சில்பாலினில் என் தாள் உலர்ந்தே இருந்தது.

வெட்டும்போது கூடாரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் தரையின் மேல் விரிப்பைப் பரப்பி, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே சாக்பீஸால் கோடிட்டுக் கத்தரிக்க வேண்டும். தார்ப்பாயின் உலோகக் கண்கள் வெட்டில் போய்விடும். அவை இல்லாவிட்டாலும் குறையில்லை, கூடாரத்தின் எடையே விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்பதுக்கு ஆறு அடித் தார்ப்பாயின் நீளத்தில் மிஞ்சும் இரண்டடி நான்கங்குலத் துண்டைக் கூடார வாசலில் செருப்பு கழற்றிவைக்கப் போட்டுக்கொள்ளலாம், மழை வந்தால் அதை மட்டும் மறக்காமல் உள்ளே இழுத்துவிட வேண்டும்.