8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: சென்னையில் வாங்கலாமா?

டாப்சோனியன் என்பது தாழ்ந்த அடித்தளத்தில் நிறுத்தி, கையால் திருப்பிப் பார்க்கும் எளிய ஆடித் தொலைநோக்கி. 203 மில்லிமீட்டர் முதன்மை ஆடி கொண்ட இக்கருவியை வேளச்சேரி மொட்டைமாடியிலிருந்து ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் மீது திருப்பினால், ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் பயணித்து வந்த அதன் ஒளி, நடுவில் சற்றே செறிந்த சாம்பல் திட்டாக மட்டுமே தெரிகிறது. மற்றதை நகரத்தின் விளக்கொளி விழுங்கிவிடுகிறது. குறை ஆடியில் இல்லை. ஜவ்வாது மலையில், 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையின் ஒரே பார்வைப் புலத்தில், எம்81 என்னும் விண்மீன் திரள் நீள்வட்டமாகவும், எம்82 என்னும் மற்றொரு திரள் மெல்லிய கீற்றாகவும் அருகருகே நின்றதைக் கண்டு நெஞ்சம் நிறைந்தது. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அம்மலையில் அமைந்திருப்பதன் அருமை அங்கேதான் விளங்கும்.

பயணத்துக்குப் பின் ஆடிகளை மீண்டும் நேர்ப்படுத்த வேண்டும். அடிப்பலகை மரத்தூள் பலகை என்பதால், சென்னையின் ஈரக்காற்றில் உப்பாதிருக்க, விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசிவிடுங்கள். காரில் ஏற்றிச் செல்ல வசதியுள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.