பார்வையற்றவரோடு ஆன்லைனில் ஆட எந்த ஆட்டம் சரி?

பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. சிங்கப்பூர் தோ பாயோவில் நான் ஒரு புளோக், அவர் அடுத்த புளோக். சனிக்கிழமை இரவானால் ஆன்லைனில் சேர்ந்து ஆடுவோம். இதுவரை மூன்று வகை ஆடிப் பார்த்தாயிற்று.

எழுத்து ஆட்டம் பழையது. நாங்கள் ஆடிய ஆல்டர் ஏயான் 1995 முதல் ஓடுகிறது. படமே இல்லை, எல்லாம் வரிகள்தான். என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள், அப்படியே வாசித்துவிடும். அண்ணன் வைக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனால் சண்டை சூடுபிடித்தால் வரிகள் கொட்டும். உயிர் குறைவதைச் சொல்லும் வரி நடுவில் அமுங்கிப் போகும். மற்ற நண்பர்களும் இந்தப் பக்கம் வருவதில்லை.

2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டம் வேறு மாதிரி. எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், அடி மேலே விழுகிறதா கீழேயா, நம்மைத் தாண்டிப் பின்னால் போய்விட்டாரா என்பதையெல்லாம் ஒலியாகவே தரும் அமைப்பு அதில் உண்டு. எல்லோரும் ஆடும் அதே ஆட்டம். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இரண்டே பேர், இடமும் வலமும் மட்டும் என்பதால் காது போதும். பெரிய வரைபடத்தில் பலர் ஓடி ஓடிச் சுடும் ஆட்டத்துக்கு இதை அப்படியே கொண்டுபோக முடியாது.

அப்புறம் சீட்டு. நாங்கள் ஆடுவது டாய் டீ, மேசையில் கிடப்பதைவிடப் பெரிய சீட்டைப் போட வேண்டிய ஆட்டம், கையில் 13 சீட்டு. எனக்கு ஒரு பார்வை போதும், அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு ஆப்பில் சீட்டுகளுக்குப் பெயரே வைக்கவில்லை. “பட்டன், பட்டன், பட்டன்” என்றே வாசித்தது. இன்னொன்றில் 15 வினாடிதான். எல்லாவற்றையும் வெல்லும் இஸ்பேட் இரண்டு கையில் இருந்தும், அதைத் தேடி முடிப்பதற்குள் முறை தாண்டிப் போய்விட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆத்திரம்.

இத்தனைக்கும் சரிசெய்வது எளிது. மேசையில் கிடப்பதைச் சொல்ல ஒரு விசை, அதை வெல்லும் சீட்டுகளை மட்டும் சொல்ல இன்னொரு விசை, மேசைக்கு மேசை மாற்றிக்கொள்ளும் கடிகாரம். சின்னக் குழு ஒன்று முதல் ஆட்டம் செய்வதாக இருந்தால் சீட்டிலேயே தொடங்கட்டும் என்பேன். பார்வையுள்ள மூவரும் அண்ணனும் ஒரே மேசையில் உட்கார இதற்கு நிகரான வழி வேறில்லை.

அரட்டையையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி 2019 முதல் வரும் ஆட்டங்களில் அரட்டை வசதி, இயன்றவரை, பார்வையற்றோருக்கும் எட்ட வேண்டும். ஆட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சீட்டில் பாதிச் சுவை பேச்சில்தானே.